குளிரில் தோற்ற ஒபைதே

அன்பு மகளே,

காலையில் கொடிகளைப் பிடுங்க டிராக்டர் வருவதற்குள் நீ இதைப் படிக்க வேண்டும். நேரில் சொல்ல வந்தால் குழறிவிடுவேன்.

இன்று மதியம் மூன்று வெள்ளை ஒயின்களின் குப்பிகளைத் துணியால் மறைத்து ருசித்தோம்: வடக்கு மலையின் மெர்வா, மேற்குப் பெக்கா பள்ளத்தாக்கின் சார்டனே, நம் கல்மேட்டுத் திராட்சையான ஒபைதே. நம்முடையது கடைசி இடத்தில் வந்தால் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சார்டனே நடுவதாகப் பேச்சு. நானும் தலையாட்டியிருந்தேன்.

அதுதான் கடைசியில் வந்தது. "மாமா, இது வெறும் ஐஸ் தண்ணி. இதுக்கா இத்தனை வருஷம் கவாத்து பண்ணீங்க?" என்று உன் கணவர் சிரித்தார்.

"அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றாய்.

"என்னத்தம்மா சொல்ல, சரிதான்" என்றேன்.

சரியில்லை. மற்ற இரண்டும் நிலவறையிலிருந்து வந்தவை. ஒபைதே மட்டும் குளிர்பெட்டியிலிருந்து. அத்தனை குளிரில் எந்த ஒயினும் மணக்காது. கோப்பையைத் தொட்டதுமே தெரிந்தும் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் போனபின் மிச்சத்தை மேசையிலேயே வைத்துக் காத்திருந்தேன். குளிர் விட்டதும் மெல்ல, உலர்ந்த ஆப்ரிகாட் மணம் வந்தது, பிறகு தேன். மூன்றையும் மறுபடி ருசித்து அதை முதலில் வைத்தேன். உடனே சந்தேகமும் வந்துவிட்டது. அந்தக் கொடிகளை நட்டவள் உன் அம்மா. இந்த அறுவடைக்கு அவள் இல்லை. என் நாக்கு அவளை மறந்து ருசித்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே விடிந்ததும் நீ வந்து ருசி. மூன்று புதுக் குப்பிகளையும் நிலவறையில் ஒன்றாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு நஜ்லா மறைத்து ஊற்றுவாள். நான் அங்கே இருக்கமாட்டேன். என் முகத்தைப் பார்த்து நீ முடிவு செய்யக் கூடாது.

உனக்கும் அதுவே கடைசி என்றால், டிராக்டருக்கு நானே கேட்டைத் திறந்துவிடுகிறேன்.

உன் அப்பா