ஸ்டிக்கர் கிழிக்காத ஃபிரேம்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், இந்த ஊரில் இப்போதைக்கு அதற்குப் பெயர்தான் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்து உன் தங்கையுடையது. கடையில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டும்போது என் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே, ஆறி வருகிறது. நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், என் திட்டுகளைப் புத்தகத் தமிழாக்குகிறேன் என்று பாதியை விழுங்கியும் விடுகிறாள். (பாதி இல்லை அண்ணா, முக்கால்வாசி.)

நீ போனில் கேட்டபோது உன் அப்பா, ஒண்ணுமில்லப்பா, கடையில கொஞ்சம் சேதம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினார். நடந்ததை நான் சொல்கிறேன். பெரிய மார்க்கெட்டில் கலவரம் தொடங்கியதுமே நம் தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் எதிர்க்கடை அச்சகத்தில் கூடினார்கள். ஒத்தக் கடை ஷட்டர்ல எவனாவது கைவச்சாலும் அத்தனை பேரும் தெருவுல இறங்கிருவோம் என்று அச்சகக்காரர் மேசையைத் தட்டினார். உன் அப்பா அதை அப்படியே நம்பி, ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில், கும்பல் இந்தப் பக்கம் வருகிறது, மதியத்திலிருந்து ஊரடங்கு என்று செய்தி வந்தது. காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் ஒரே ஒரு நடைதான் ஏற்ற முடியும். சுவர் அலமாரியில் இருக்கும் புது மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை எடுங்கள், அதுதான் நம் முதல் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். அவர் லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஏற்றினார், அதன்மேல் செய்து முடித்து யாரும் வாங்கிப் போகாத வாடிக்கையாளர்களின் கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கினார். வண்டி நிறைந்துவிட்டது. ஃபிரேம் போனா மறுபடி வாங்கிக்கலாம், இதெல்லாம் போனா அவங்க எப்படி ரோட்டைக் கடப்பாங்க சொல்லு என்றார். அதற்குமேல் அந்த மனுஷனிடம் யார் பேசுவது.

சாயங்காலம் வந்தார்கள். உன் அப்பா தெருமுனையில் நின்று மூச்சு முட்ட விசில் ஊதினார். ஒரு ஜன்னல் திறக்கவில்லை. அச்சகத்து மாடியில் எரிந்துகொண்டிருந்த விளக்கும் அணைந்ததை, அவரைத் திரும்பக் கூட்டிவரப் போன உன் தங்கை கண்ணால் பார்த்தாள். வந்தவர்கள் கடப்பாரையால் ஷட்டரை நெம்பி, கண் பரிசோதிக்கும் பலகையையும் நிலைக்கண்ணாடியையும் நொறுக்கிவிட்டு, கல்லாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்தது அவ்வளவுதான். அந்தச் சுவர் அலமாரி உனக்குத் தெரியும், கதவைக் கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும், புதிதாக வருகிறவர்கள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கதவில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு ஃபிரேமும் இல்லை. எடுத்தபின் ஒழுங்காக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நல்ல வளர்ப்பு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வந்து தங்கள் கண்ணாடிகளை வாங்கிப் போனார்கள். உன் அறையில் உட்கார்ந்து, மாட்டிப் பார்த்து, ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் படித்தார்கள். கடை என்ன ஆயிற்று என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பாங்க் குமாஸ்தா மட்டும், போன வாரமே தர்றேன்னீங்களே சார் என்று குறைப்பட்டுக்கொண்டார். உன் அப்பா அவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அப்போதெல்லாம் மனுஷன் தெம்பாகத்தான் இருந்தார். ஷட்டர்காரரை வரச்சொல்லி அளவெடுத்தார், ஒண்ணாம் தேதி கடையைத் திறக்கிறோம் என்று என்னிடம் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை அச்சகக்காரர் மனைவி வந்தாள். அக்கா, கை எப்படியிருக்கு என்று குழைந்துகொண்டே கைக்குட்டையைப் பிரித்து ஒரு பழுப்பு ஃபிரேமை எடுத்து மேசையில் வைத்தாள். ரோட்டுல கெடந்துச்சுக்கா, மிதிபடக் கூடாதேன்னு எடுத்து வச்சோம், இதுல அவருக்குப் படிக்கிற கண்ணாடி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க என்றாள். ரோட்டில் கிடந்த ஃபிரேமில் ஒரு சிராய்ப்பு இல்லை. உன் அப்பா கையால் எண் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட அவள் கிழிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். (அம்மா இந்த இடத்தில் சொன்ன எதையும் எழுத முடியாது.) உன் அப்பா கையமர்த்தி, ஃபிரேமை எடுத்து, அதன் இரண்டு காதுக்கம்பிகளையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் முன்னாலேயே வைத்தார். இனிமே நான் கடை நடத்தலைம்மா, வேற எங்கயாவது போட்டுக்கோங்க என்றார். அவள் பதறிப்போய், அண்ணே கோவிச்சுக்காதீங்க, எல்லாரும்தானே எடுத்தாங்க என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். ஃபிரேமை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவர் சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஷட்டர்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னபோதுதான் விளங்கியது. நான் சண்டை போட்டேன். திருடினது அவங்க, நாம எதுக்குக் கடையை மூடணும், அவங்க கண்ணெதிர்லயே திறந்து உட்காருங்க என்றேன்.  அவர், திறந்தா உள்ள வர்ற ஒவ்வொருத்தர் மூக்கு மேலயும் என் ஃபிரேம் இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன், அப்படிப் பார்த்துக்கிட்டு ஒருத்தருக்கும் கண்ணாடி போட என்னால ஆகாது என்றார்.  திங்கட்கிழமையிலிருந்து பக்கத்து ஊரில் ஒரு லென்ஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். அங்கே சீட்டில் எழுதி வருகிற பவருக்கு லென்ஸைத் தேய்த்துக் கொடுத்தால் போதும், எந்த முகத்தையும் பார்க்க வேண்டாம்.

எங்களை அங்கே வந்துவிடச் சொல்லி நச்சரிக்காதே, தங்கைக்குப் பரீட்சை இருக்கிறது. அப்பாவிடம் கடைப் பேச்சை எடுக்காதே, உன் வேலையைப் பற்றிப் பேசு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எந்தக் குறையும் இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் வாழ வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது. மறக்காதே, பவர் கூடிவிட்டது, புதுக் கண்ணாடி வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாயே, அதை அங்கேயே ஏதாவது கடையில் போட்டுக்கொள். நீ கேட்டால் அவர் மறுக்க மாட்டார். அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
(கை ஆறும்வரை எழுத்து: தங்கை)