அத்தையின் போர்வையும் என் கணக்கும்

அக். 1, செவ்வாய்

மூடுபனி. துணி காயவில்லை. என் வீட்டுக்காரர் அருள் வேனோடு வெலிமடைக்குப் போய்விட்டார், ஞாயிறு ராத்திரிதான் வருவார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

மலையில் எங்கே மண் சரியும் என்று லேப்டாப்பில் போடும் கணக்கு மறுபடி பாதியில் செத்தது. ‘கில்ட்’, அதாவது கொன்றாயிற்று என்று ஒரே வார்த்தை, அவ்வளவுதான் மரியாதை. மென்பொருளுக்கு முழு மலையும் ஒரே நேரத்தில் வேண்டும். என் லேப்டாப்பின் நினைவகம் எட்டு ஜிபி. ஆபீஸ் மெஷின் பழுது. எந்த லயத்தாரை முதலில் மேல் ரோட்டுப் புது வீடுகளுக்கு அனுப்புவது என்று திங்கள் கூட்டத்தில் முடிவு. அதற்குள் ஆபத்தான இடங்களைக் காட்டும் படம் வேண்டும்.

அத்தையோ எங்கும் வருவதாக இல்லை. “என் தக்காளியும் கோழியும் இங்க. நான் அங்க போயி யாரப் பாக்குறது?”

அக். 2, புதன்

ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, நினைவகம் தீர்ந்தால் இதை எடுத்துக்கொள் என்று கொடுத்தாயிற்று. ஒரு புரோகிராம் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் கூட்டினேன். ஓடுகிறது! ஆமை வேகம். போகட்டும்.

அத்தைக்கு விளக்கினேன்: விருந்தாளி கூடிப்போனால் பக்கத்து வீட்டில் பாய் வாங்குகிறோமே, அது மாதிரி.

“திருப்பிக் குடுத்துருவியா?”

சிரித்துச் சிரித்து வயிறு வலி.

அக். 3, வியாழன்

வாங்க: அத்தைக்கு மாத்திரை, பருப்பு, சவர்க்காரம்.

பெரகலயில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இடி. வீட்டுக்கு வந்தால் பிளக் எல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது. சுவர்க் கண்ணாடிக்குத் துணி. லேப்டாப்புக்குப் போர்வை! கிழட்டு பேட்டரி, எப்போதோ அணைந்திருக்கிறது.

“அதுவும் கண்ணாடியாட்டம் பளபளங்குதே பிள்ள. மின்னல் பாஞ்சா உன் வேல போயிருமேன்னு மூடுனேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பார்த்தேன், அருள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போர்வை. குளிருக்குக்கூட வெளியே எடுக்காதது. அதற்குமேல் எங்கே கோபப்படுவது?

கரண்ட் கொடுத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி ‘கில்ட்’. இது என் பிழை. வரம்பையெல்லாம் கையால் அடித்ததோடு சரி. மெஷின் அணைந்தால் மறந்துவிடும். இந்த முறை, திறக்கும்போதே அது படிக்கிற ஃபைலில் எழுதிவைத்தேன். நடுநடுவே சேமிக்கவும் சொல்லியிருக்கிறேன்.

அக். 5, சனி

பின்னேரம் மறுபடி இடி. பிளக்கில் கை வைக்கக் கூடாது, லேப்டாப்பை மூடக் கூடாது என்று முன்பே கெஞ்சியிருந்தேன். அத்தை சொன்னபடி தொடவில்லை. ஜன்னலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கை வலிக்கலிங்களா அத்தை?”

“நீ கணக்கப் பாரு.”

எனக்கு இவரை எவ்வளவு பிடிக்கும் என்று இவருக்குத் தெரியுமா? கட்டிப்பிடித்தால் ‘தள்ளிப் போ’ என்பார்.

அக். 6, ஞாயிறு

பளிச்சென்ற வானம். கோயிலுக்குப் போய் வந்தோம். கணக்கு முடிந்திருந்தது.

படத்தில் மலை முழுக்கப் பச்சை. ஒரே ஒரு இடம் சிவப்பு. சிவப்பு என்றால் முதலில் சரியும் இடம். அத்தையிடம் எப்படிச் சொல்வது?

அத்தையே வந்து குனிந்தார். “இது நம்ம தண்ணி புடிக்கிற பீலி எடம்தானே?”

“ஆமாங்க அத்தை.”

“அப்ப இந்தச் செவப்பு?”

“நம்ம லயம்.”

அத்தை நிமிர்ந்தார். தக்காளிப் பாத்திப் பக்கம் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தார். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் போர்வையிலேயே சுற்றி, கதவோரம் வைத்தார்.