தடுப்புச் சுவரில் ஒரு ஜன்னல்

திருநகர், மதுரை
13-8-1983

அன்பு மகள் தங்கப்பொண்ணுக்கு அம்மா எழுதுவது. அழகர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சென்னையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

உசிலம்பட்டிப் பக்கம் கட்டப்போகிற தீயணைப்பு நிலையத்துக்கு நீ போட்ட பிளான் வந்து சேர்ந்தது. தீயணைப்பு வேலையில் ரிடையர் ஆனதிலிருந்து சுருண்டு கிடந்த உன் அப்பா அதைக் கட்டிலில் விரித்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. வண்டிகள் ஒன்றையொன்று மறிக்காமல் கிளம்பத் தனித்தனி வாசலாம், மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் நிலத்தடித் தொட்டிக்கு இறங்குமாம், கரண்டு போனாலும் வயர்லெஸ் ரூம் பாட்டரியில் ஓடுமாம். அந்தக் காட்டில் தண்ணீருக்குக் கிணறு கிணறாக அலைந்தோமே, என் மகள் தீர்த்து வைத்துவிட்டாள் என்று வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சொல்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

எனக்குப் பிளான் பார்க்கத் தெரியாது, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம், உயரமான சுவருக்கு அப்பால் என்றார், பிள்ளைகள் வண்டி நிற்கும் முற்றத்துக்கு ஓடிவரக் கூடாதாம். நியாயம்தான், நீயே ஒருதரம் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய்க்குள் தூங்கிப்போய் ஊரையே தேடவைத்தவள். ஆனால் நம் பழைய குவார்ட்டர்ஸில் முற்றத்தைப் பார்த்தபடி இருந்த அடுப்படி ஜன்னல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மணி அடித்ததும் அப்பா ஓடுவார், கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் பெண்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம். வண்டி கிழக்கே திரும்பினால் வைக்கோல் படப்பு, மேற்கே என்றால் பஞ்சு மில். கிழக்கு என்றால் உலை வைப்போம், மேற்கு என்றால் யாருக்கும் கை ஓடாது. வண்டி திரும்பி வரும்போது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் இருக்கும் தலைகளை எண்ணுவேன். எத்தனை பயம், ஆனாலும் அவரைக் கரி அப்பிய முகத்தோடு பார்த்த அந்தச் சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் புருஷன் கருத்தக்கண்ணன் மில் கூரை சரிந்து போனானே, அன்று அவளும் ஜன்னலில்தான் நின்றாள். யார் போய்ச் சொல்வது என்று எல்லாரும் முற்றத்தில் திகைத்து நிற்க, வண்டியில் அவன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து அவளே இறங்கி வந்தாள். போன வெள்ளிக்கிழமை அழகர்கோவிலில் அவளைப் பார்த்து உன் பிளானில் வருகிற சுவரைச் சொன்னேன். "எவனோ வந்து சொல்லிக் கேட்டிருந்தா, இன்னைக்கும் அந்த மனுசன் வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டுத்தான் மதினி இருந்திருப்பேன்" என்றாள்.

அதனால் தாயி, சுவர் இருக்கட்டும், அதில் கம்பி போட்டு ஒரு ஜன்னல் விடு, பிள்ளையோடு நிற்கிறவள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில். இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிளானில் அந்தச் சுவர்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி உள்ள நுழையுற பக்கமா வைக்கச் சொல்லு. வரும்போது நாங்களும் அந்த ஜன்னலத்தான் பாப்போம்" என்றார்.

ராப்பகலாக வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, வாரம் ஒருதரம் எண்ணெய் தேய்த்துக் குளி. பிளான் பாஸாவதற்குள் ஜன்னலை மறக்காமல் வரைந்துவிடு. சீரும் சிறப்புமாய் நீ நெடுநாள் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு
உன் அம்மா
முனியாயி