மேப்பில் தெரிந்த விக்ரோலி

தோஹா,
4 ஜனவரி 2025

அன்புள்ள உமைராவுக்கு,

ஸலாம். நம் பிள்ளை மெஹக்குக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும். அதனால் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் பாதுகாப்புக்காகத்தான் லொகேஷனைப் பகிரச் சொன்னேன். மூன்று நாளாக மதியம் நான் பார்க்கும்போதெல்லாம், நீ தாராவியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி விக்ரோலியில் இருப்பதாக மேப் காட்டுகிறது. கேட்டால், "வீட்லதான் பை தைச்சுக்கிட்டு இருக்கேன்" என்கிறாய். விக்ரோலியில் நமக்கு யார் இருக்கிறார்கள்? மறைக்காமல் எழுது.

ஷகீல்

தாராவி,
7 ஜனவரி 2025

மச்சானுக்கு,

ஸலாம். மெஹக் பள்ளிக்கூடம் போகிறாள்.

கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் நீங்கள் இப்படிக் கேட்டதில்லை. முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம். போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மெயின் ரோட்டில் நின்றால் தாராவி என்கிறது. வீட்டுக்குள் வந்தால் விக்ரோலி. ரிப்பேர் கடை ஏசுதாஸ் அண்ணனிடம் கேட்டேன்.

"வானம் தெரிஞ்சா போன் சாட்டிலைட்ட வச்சு இடத்தைக் கண்டுபிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழ அது சரியா கிடைக்காது. அப்போ பக்கத்துல எந்த வைஃபை இருக்குன்னு பாத்துச் சொல்லும்" என்றார்.

அடுத்த வீட்டு மதீனா பீவி மாமி போன வாரம்தான் விக்ரோலியிலிருந்து குடி வந்தார். வைஃபை பெட்டியையும் கொண்டு வந்திருக்கிறார். அது இன்னும் பழைய வீட்டில் இருப்பதாகவே போன் நினைக்கிறது. மாமியிடம் சொல்லி, சோதனைக்காகக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்த்தேன். மேப் தாராவிக்குத் திரும்பிவிட்டது.

லொகேஷன் பகிர்வதை நிறுத்திவிட்டேன். எங்கே இருக்கிறேன் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

உமைரா

தாராவி,
15 ஜனவரி 2025

மச்சானுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை மாமியின் மருமகள் அஸ்ரினுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்கு அவசரத்தில் வீட்டுக்குள்ளிருந்தே லொகேஷன் அனுப்பியிருக்கிறார்கள். "வண்டி விக்ரோலிக்குல்லா போய்க்கிட்டிருக்கு" என்று டிரைவரிடம் போனில் பேசிய மாமி கதறினார். டிரைவர் நம்பரை வாங்கிக்கொண்டு நான் என் போனோடு மெயின் ரோடான தொண்ணூறு அடி ரோட்டுக்கு ஓடினேன். வெட்டவெளியில் நின்று, மேப்பில் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்து, டிரைவருக்கு அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. அதற்குள் அஸ்ரினை நாற்காலியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்திருந்தோம்.

பெண் குழந்தை. இருவரும் நலம். "இனிமே ரோட்டுக்கு வந்து லொகேஷன் அனுப்புங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். டிரைவரும், இந்தப் பக்கம் வரும்போது வழி கேட்க என் நம்பரைப் பேரோடு சேமித்துக்கொண்டு போனார். எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது மச்சான்.

உமைரா

தோஹா,
18 ஜனவரி 2025

என் உமைராவுக்கு,

என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் பதினொரு நாள் கழிந்தது. உன்னை விட்டு மேப்பை நம்பினேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

உன் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு மலையாளி, "உங்க வீட்டம்மா இன்ஜினியரா?" என்று கேட்டார்.

"இல்ல, பை தைக்கிறா. எட்டாவது படிச்சவ" என்றேன். பிறகு அவர், "இன்னொரு தடவை வாசிங்க, எழுதிக்கிறேன். எங்க வீட்டுக்கும் சொல்லணும்" என்றார். முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.

உமைராவின் கணவன்,
ஷகீல்