வட்டத்தை மட்டும் வெட்டு

சான் பிரான்சிஸ்கோ
12 மார்ச் 1979

அன்புள்ள ஆர்லீனுக்கு,

உன் பழைய ஆய்வக மேசைத் தோழி வில்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் நின்றபாடில்லை. மாடிசனில் பனி இன்னும் உருகவில்லை என்று எழுதியிருந்தாய். நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொள், பழையதையே இழுத்துக்கொண்டு திரியாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் அனுப்பிய குழாயிலிருந்த பாக்டீரியாவை இரண்டு மாதம் வளர்த்தும் ஹார்மோன் துளிகூட வரவில்லை, தவறு உன் கையில்தான் இருக்க வேண்டும், வேலையை நீட்டிப்பதா என்று முடிவுசெய்ய மே மாதம் கூடும் குழுவிடம் காட்ட எதுவுமில்லாததால் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். என்மேல் சந்தேகப்பட்டு ஒரு வரிகூட இல்லை. படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். எப்போதும் நல்லவளாகவே இருக்க உன்னால் எப்படி முடிகிறதோ.

ஐந்து வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். வளர்ப்புத் தட்டை நீ திறந்தால் பாக்டீரியா இருக்கும். நான் திறந்தால் பூஞ்சை. நம் பேராசிரியர் டெஸ்லர் காலையில் நேராக உன்னிடம் போய், "என்னம்மா, இன்னைக்கு என்ன அதிசயம்?" என்பார். என்னிடம் கேட்பது, "ஆர்லீன் வந்தாச்சா?" அந்த ஒரு கேள்விக்காகவே உன்னை வெறுத்திருக்கிறேன். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அழுதேனே, அதில் பாதி சந்தோஷம்.

எலும்பைக் காக்கும் அந்தக் குட்டி ஹார்மோனின் மரபணுவை ஏற்றியும், பாக்டீரியா அதைச் செய்த வேகத்திலேயே தின்றுகொண்டிருந்தபோது, சாண்ட்விச்சை மென்றுகொண்டே நீதான் சொன்னாய்: "தனியா விட்டா தின்னாம இருக்குமாடி? அதோட சொந்தப் புரோட்டீன் வால்ல ஒட்டிவிடு. தன்னோடதுன்னு சும்மா இருக்கும். அப்புறம் நாம வெட்டி எடுத்துக்கலாம்." நீ போன பிறகு அதையே செய்தேன். வந்தது. "யாரோட யோசனை?" என்றார் டெஸ்லர். என்னுடையது என்றேன். கட்டுரையின் நன்றி வரியில் உன் பெயர் கடைசியில் இருக்கிறது, குடுவை கழுவும் அம்மாவுக்கும் பின்னால்.

கட்டுரை வந்துவிட்டால் கேட்பவர்களுக்குப் பாக்டீரியாவை அனுப்புவது நம் வழக்கம். முன்பின் தெரியாத ஆறு பேருக்கு ஒழுங்காக அனுப்பினேன். நீ கேட்டபோது மட்டும் மனம் வரவில்லை. உன்னிடம் வந்தால் என்னைவிட இரண்டு மடங்கு எடுத்துவிடுவாய். அதனால் ஹார்மோன் மரபணு இல்லாத வெறும் பாக்டீரியாவை அதே பெயர் ஒட்டி அனுப்பினேன். மறதியில்லை, தெரிந்தே செய்தேன். உன் கையில் எந்தத் தவறும் இல்லை.

இப்போது இன்னொரு குழாய் அனுப்ப டெஸ்லரின் கையெழுத்து வேண்டும். "முன்னாடியே அனுப்பினியேம்மா" என்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் இந்தத் தாளின் கீழே பென்சிலால் வட்டம் போட்டு, ஹார்மோன் மரபணுவைத் தாங்கிய டி.என்.ஏ. ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டிருக்கிறேன். வெட்டியெடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து உன் பாக்டீரியாவுக்குள் ஏற்று. உனக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். எனக்கு நான்கு மாதம் ஆனது. பொறாமை இன்னும் போகவில்லை, பார்.

வட்டத்தை மட்டும் வெட்டு. மீதியைக் கோபத்தில் கிழித்துவிடாதே, ஆர்லீன். மே மாதம் அந்தக் குழுவிடம் காட்டு. அதற்காகத்தான் தேதியும் முழுப் பெயரும் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசும்,
வில்மா ஜேன் ஹாஸ்கெட்