நீலப் பெயிண்ட் பூசிய வண்டி

நண்பா,

இன்று காலை ஆம்பூர் பஜாரில் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. புதுத் தள்ளுவண்டி ஒன்றில் வங்கியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். நடைபாதை வியாபாரிகளுக்கு அரசுக் கடனாம். நல்லதுதான். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோல் பதனிடும் டேனரி வாசலில் நான் வேர்க்கடலை விற்றேன். நீ தலைக்கூடையில் கொய்யா கொண்டுவருவாய். கழுத்து வலியில் முனகுவாய். அப்போதுதான் அரசு ஜாமீனில் வங்கி உனக்குக் கடன் கொடுத்தது. பணமாக அல்ல, வண்டியாக. கடன் தீரும்வரை வண்டி வங்கியுடையது என்று பக்கப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. "கழுத்து நிமிந்துச்சு தோஸ்த்" என்று சிரித்தாய். ஒரு தவணைகூட நீ தவறியதில்லை.

குடியாத்தத்திலிருந்து உன் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். முந்தின நாள் நீலப் பெயிண்ட் வாங்கி அந்த எழுத்தின்மேல் பூசினாய்.

"இன்னாத்துக்குடா இது?" என்றேன்.

"கடன் வண்டின்னு வாசல்லயே எழுதி வெச்சிருந்தா எவன்டா பொண்ணு எடுப்பான்?"

வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், பெண் பிடித்திருக்கிறது என்றார்கள், போனார்கள். வண்டிப் பக்கம் ஒருவரும் திரும்பக்கூட இல்லை.

அடுத்த வாரமே வங்கிக்காரர் பார்வையிட வந்தார். "எழுத்து எங்கய்யா? எங்க வண்டிய வித்துட்டு வேற வண்டியக் காட்றியா?"

"இதான் சார் அது. அடியில இருக்குது சார்" என்று கொய்யா அறுக்கும் கத்தியால் சுரண்டினாய். நீலத்தோடு வெள்ளையும் உரிந்து விழுந்தது. அடியில் வெறும் மரம். நானும் சாட்சி சொன்னேன். எங்கள் பேச்சு அங்கே எடுபடுமா? அன்றே வண்டியை இழுத்துப் போனார்கள்.

மறுபடி கூடை தூக்கக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. அதே டேனரியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனாய். மதியம் வெளியே வருவாய். விரலெல்லாம் வெந்து வெடித்திருக்கும். கடலையை நான்தான் உரித்துத் தருவேன். அந்த மழைக்காலத்தில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய உன்னை இறக்கினார்கள். நீ உயிரோடு மேலே வரவில்லை.

விஷவாயு என்றார்கள். இருக்கட்டும். அந்த வண்டியை ஏலத்தில்கூட எவனும் கேட்கவில்லை. உன்னைப் புதைத்த பிறகும் வங்கியின் பின்பக்கம் மழையில் ஊறி மக்கிக்கொண்டு நின்றது. யாருக்கும் வேண்டாத அதை உன்னிடமே விட்டிருந்தால் நீ அந்தத் தொட்டிக்குள் இறங்கியிருக்க மாட்டாய். வயதாகிவிட்டது, எத்தனையோ மறந்துபோகிறது. இந்தக் கோபம் மட்டும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.