தொண்ணூறு நிமிடக் கட்டம்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் எலி ஈரல், செல்களை உயிரோடு பிரித்தெடுக்க. கத்தரியால் நறுக்கி, நொதிக் கரைசலில் போட்டு, சுடுநீர்த் தொட்டியில் நாற்பது நிமிடம் குலுக்கினேன். நூறு செல்லில் அறுபத்தெட்டு செத்தவை. நொதியைக் குறைத்தால் செல்கள் பிரிவதே இல்லை. கூட்டினால் சாகின்றன.

ஆய்வகத் தலைவர் கேத்ரின், மலேசியத் தமிழர், நொதி அளவும் நேரமும் கட்டம் போட்ட என் அட்டவணையைப் பார்த்தார். "ஏன் பார்கவி, அறுபது, தொண்ணூறு நிமிஷக் கட்டமெல்லாம் காலியா இருக்கு? நொதி கொஞ்சம், நேரம் நிறைய. செஞ்சு பாருங்களேன்."

செய்கிறேன் என்றேன். பொய். எலி அறை எங்களுக்கு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நாற்பது நிமிடமென்றால் செல்களை எண்ணி முடித்து 5.20 ரயிலைப் பிடிக்கலாம். ஆறரைக்குள் புறநகர் வெரிபீயில் எங்கள் வீட்டுக் கதவை நான் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் என் புருஷன் திறப்பான்.

மார்ச் 6
ரயில் கால்மணி தாமதம். குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்தான். பிறகு முடியைப் பிடித்து என் தலையை, அதே இடத்தில்.

"ரயில் லேட்டா? எவன்கூட லேட்டு?"

மார்ச் 7
உதடு வீக்கம். நாள் முழுக்க முகக்கவசம். இந்த வேலையில் அது ஒரு வசதி.

மார்ச் 18
நொதி இரண்டு மடங்கு, நாற்பது நிமிடம். எண்பத்தொன்று செத்தன. மூன்று எலி வீண்.

அவன் அடிப்பதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "சித்தார்த் கோவக்காரன்தான், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." குட்டக் குட்டக் குனிகிறவளும் மடச்சி — அதையும் அவள்தானே எனக்குச் சொல்லித் தந்தாள்?

ஏப்ரல் 10
கேத்ரின் என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டார். அட்டவணையின் அந்தக் காலிக் கட்டங்களில் விரலை வைத்தார்.

"வீட்டுக்குப் பயந்தா?"

ஆமா என்றேன். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"நாளைக்குத் தொண்ணூறு செய்யுங்க. நான் இருக்கேன்."

ஏப்ரல் 11
ஆய்வகத்துக்கே வந்தான். என் போன் எங்கே இருக்கிறதென்று அவன் போன் காட்டும். யாரோ கதவைத் திறக்க, பின்னாலேயே நுழைந்துவிட்டான். முடியைப் பிடித்து இழுத்தான். தொட்டி கவிழ்ந்து சுடுநீர் என் காலில். இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். இன்னொன்று அடித்தேன். அந்த இரண்டாவது தேவையில்லை. தெரிந்துதான் அடித்தேன், நன்றாக இருந்தது. போலீஸ் வந்தது. தரையில் கிடந்த பல்லைக் கேத்ரின் கையுறை போட்டு எடுத்தார்.

ஏப்ரல் 29
அவன் என் பக்கமே வரக்கூடாதென்று கோர்ட் உத்தரவு. நான் கேத்ரின் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். இன்னும் ஆறரை மணிக்கு எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். சனியன்.

மே 14
கால் பங்கு நொதி, தொண்ணூறு நிமிடம். நூறில் தொண்ணூற்றிரண்டு உயிரோடு இருந்தன. மூன்று முறை எண்ணினேன்.

மே 15
விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை. பயனின்றிக் கொல்லப்பட்ட எலிகள்: நாற்பத்தொன்று. என் கையால் நாற்பத்தொன்று. படிவத்தில் அடுத்த கட்டம்: காரணம்.

'சோதனை நிலைகள் சரியாக அமையவில்லை' என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அழித்தேன். 'தேவையான நேரம் தரப்படவில்லை. சோதனை செய்தவர் கணவருக்குப் பயந்து சீக்கிரம் வீட்டுக்குப் போனார்' என்று எழுதினேன்.

கேத்ரின் இரண்டு தடவை படித்தார். மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, குழுவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.